சாமி ஏறினால் சுமை இறங்கும்

காரைக்குடி பைபாஸுக்கு வெள்ளிக்கிழமை காலையில் போனால் முதலில் கண்ணில் படுவது வாசல்கள். வரிசையாக டிரெய்லர்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் இடித்த வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த தேக்கு நிலை ஒன்று, இரட்டைக் கதவோடும் மேலே கஜலட்சுமியோடும் நெட்டுக்குத்தாக நிற்கும். உள்ளே நுழைய வீடு கிடையாது. வாசல் மட்டும் வண்டியேறி வந்து, ஒரு சாமியாரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும்.

அவர் பெயர் சுமைதாங்கிச் சாமி.

அந்த இடத்தில் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. தலைச்சுமையோடு நடந்தவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கிய கல். அது உண்மையிலேயே பாரம் தாங்கிய காலத்தில் யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பாரம் தாங்குவதை அது நிறுத்தி, பக்கத்தில் காவி கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்ததும், மஞ்சள் பூசினோம், பந்தல் போட்டோம், பெரிய திரை வைத்தோம், பிளெக்ஸ் கட்டினோம். பிளெக்ஸில் ஆள் உயரத்துக்கு எழுத்து: ‘சாமி ஏறினால் சுமை இறங்கும்!’

சாமிக்கு இவ்வளவு வேலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய பெரிய வீடுகளை இடித்து விற்கிறார்கள். நிலையும் கதவும் ரிசார்ட்டுகளுக்குப் போகின்றன. அதை ஏற்றிப் போகிற வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூஜை போட்டு ஒரு தடவை நிமிர்த்திய நிலையை மறுபடி கிடத்தக் கூடாதாம். கிடத்துவது பிணத்தைத்தானாம். அதனால் டிரெய்லரிலும் அது நின்றபடியே, முகம் முன்பக்கம் பார்க்கத்தான் போக வேண்டும். விற்றவருக்கும் அதே நம்பிக்கை, வாங்கியவருக்கும் அதே நம்பிக்கை. வீட்டையே இடித்துச் செங்கல் செங்கலாக விற்றதில் வராத பாவம், கதவைச் சாய்த்தால் வந்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

நின்றபடி போகிற நிலை பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டி திணறும். அறுபதில் போகிற வண்டி நாற்பத்தைந்தில் முக்கும். டீசல் தண்ணீராய் ஓடும். காரணம் தெரியாமல் வண்டிக்காரர்கள் விழித்தபோதுதான் சாமி அவதரித்தார்.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே இருக்கிற கொக்கியின் மேல் சாமி சம்மணம் போட்டு உட்காருவார். கண்ணை மூடுவார்.

“தெரியுறாக... நெத்தி நெறைய திருநீறு... கழுத்துல கௌரிசங்க ருத்திராட்சம்... மேல சட்டை இல்ல... இந்த வீட்டைக் கட்டுன அப்பச்சி!”

வண்டிக்காரன் தடால் என்று காலில் விழுவான். செட்டிநாட்டில் எந்த வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் முன்னோர் படமும் அப்படித்தான் இருக்கும். சட்டை போட்ட அப்பச்சி படம் ஒன்றை எனக்குக் காட்டுகிறவருக்கு நான் டீயும் வடையும் வாங்கித் தருகிறேன்.

“தன் கையால வச்ச வாசலை விட்டு இறங்க மாட்டேங்கிறாக. நிலைமேல ஏறி உக்காந்து, ரெண்டு காலையும் ரோட்டுல ஊன்றி, வண்டிய இழுத்துப் பிடிக்கிறாக!”

“அய்யோ சாமி, என்ன செய்ய?”

“சயனப் பரிகாரம்!”

உடனே தலைமைச் சீடன் முத்தப்பன் ஆட்களோடு வருவான். சாமி மந்திரம் முணுமுணுக்க, நிலையைப் பூப்போல் கிடத்துவார்கள். அதற்குப் பெயர் அப்பச்சியைத் தூங்க வைப்பது. டிரெய்லரில் வேறு பாரம் இருந்தால் முன்பக்கமாக நகர்த்துவார்கள். அது அப்பச்சிக்குத் தலையணை. தார்ப்பாயை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அது போர்வை. கடைசியில் கம்பிரஸரைக் கொண்டுவந்து டயர்களில் காற்று அடிப்பார்கள். அதற்கு சாமி வைத்த பெயர் பிராணப் பிரதிஷ்டை!

வண்டி பறக்கும். பறக்காமல் என்ன செய்யும்? மிச்சமான டீசல் அப்பச்சியின் பங்கு என்று சொல்லி, ஒவ்வொரு வண்டிக்காரனும் ஒரு கேன் டீசலைக் கல்லுக்கு முன்னால் காணிக்கை வைப்பான். சாயங்காலம் கேன்கள் காணாமல் போகும். அப்பச்சி குடித்துவிட்டார் என்பார்கள். அடுத்த நிலைக்கு அடுத்த அப்பச்சி, அடுத்த மந்திரம், அடுத்த கேன்.

சில வண்டிகளுக்கு மட்டும் பரிகாரம் பலிக்காது. “இவுக டிரெய்லரை விட்டு எஞ்சினுக்குள்ள போயிட்டாக. வண்டியச் சன்னிதியில விட்டுரு. வச்சிருந்தா குடை சாஞ்சு உசுரெடுக்கும்” என்று சாமி தீர்ப்புச் சொல்வார். இதில் ஒரு விசேஷம். அப்பச்சிமார் எவரும் ஓட்டை வண்டி எஞ்சினுக்குள் புகுந்ததே கிடையாது. புது மாடல், சிங்கிள் ஓனர், நல்ல டயர் பார்த்துத்தான் புகுந்தார்கள்.

அப்படி வண்டியை விட்டவர் ஏகப்பன். இப்போது இன்னொருவர் வண்டிக்குக் கூலிக்கு ஓட்டுகிறார். அப்படியும் சாமியைப் பற்றிப் பேசினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் புதுக்கோட்டை ரோட்டில் அவருடைய வண்டியே, வேறு பெயின்ட் அடித்து, சிமென்ட் மூட்டையோடு எதிரே வந்ததாம். பதறிப்போய் முத்தப்பனிடம் கேட்டாராம்.

“பயப்படாதீக. அப்பச்சி இப்ப சொந்தமா தொழில் பண்றாக” என்றானாம் முத்தப்பன். ஏகப்பனுக்கு அதில் திருப்தி.

இந்த லட்சணத்தில்தான் என் பக்கத்து வீட்டு ஆசைத்தம்பி மாட்டினான். நல்ல உழைப்பாளி. அவனும் அவன் மனைவி அகிலாவும் சேர்ந்து ஒரு பிக்கப் வண்டியும் டிரெய்லரும் வாங்கி ஓட்டுகிறார்கள். லோடு பிடிப்பது, வாடகை பேசுவது எல்லாம் அகிலா. ஓட்டுவது அவன். பின்னாலும் ஒரு வரிசை சீட் இருக்கிற புது வண்டி. அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான்.

காளையார்கோவில் பக்கத்தில் மீனாட்சிசுந்தரம் என்பவர் ஹெரிட்டேஜ் ஓட்டல் கட்டுகிறார். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவர். பேய், பிசாசு என்றால் சிரிப்பார். ‘வைப்ரேஷன்’ என்றால் கும்பிடுவார். அமராவதிபுதூரில் இடித்த வீட்டு நிலை ஒன்றையும், ஆத்தங்குடிக் கல் ஒரு பெரிய லோடும் கொண்டுவரும்படி ஆசைத்தம்பியிடம் சொல்லியிருந்தார். தரையில் பதிக்கிற அந்தப் பூக்கல்லின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும்.

ஆசைத்தம்பி வழக்கம்போல் முதலில் சாமியிடம் போனான். சாமி வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். மீட்டரை எட்டிப் பார்த்தார். அப்பச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் கிலோமீட்டரைப் பார்த்த சாமி இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“இவுக படுக்க மாட்டேங்கிறாக. நிலை நிக்கட்டும். கல்லை முன்னாடி வைக்காத, தலைமாட்டுல கனம் ஏத்துனா கோவப்படுவாக. பூராத்தையும் வால் பக்கம் அடுக்கு, அதுதான் கால்மாடு” என்றார்.

அடுக்கினான். கிளம்பினான். கொஞ்ச தூரத்தில் வண்டி திணற, அதோடு டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் பின்பக்கமே ஒதுங்கி, கண்மாய்க்குள் இறங்கப் பார்த்தது. எப்படியோ நிறுத்தி, ஊர்ந்து திரும்பி வந்து சாமி காலில் விழுந்தான்.

“எஞ்சினுக்குள்ள போயிட்டாக” என்றார் சாமி. “வெள்ளிக்கிழமை சாவியக் கொண்டா.”

அன்றைக்கு ஆசைத்தம்பி வீட்டில் சோறு இறங்கவில்லை. எனக்கும் மனசு கேட்காமல் போய் உட்கார்ந்திருந்தேன்.

“வண்டியக் குடுத்துட்டு எதை ஓட்டுறது?” என்றாள் அகிலா.

“உசுரு முக்கியமில்லையா புள்ள? நான் கண்ணால பாத்தேன், பின்னாடி இருந்து யாரோ பிடிச்சு ஆட்டுறாக.”

“சரி, ஒண்ணு கேக்குறேன். கிளம்பும்போது ஒழுங்காத்தானே கிளம்புச்சு? அரியக்குடிப் பாலத்து மேட்டுல ஏறுச்சுல்ல? டவுனுக்குள்ள பிடிச்சு இழுத்தாகளா?”

“இல்ல.”

“ரோட்டுல வேகம் பிடிச்சாத்தான் இழுக்குறாக. ஏன், அப்பச்சிக்கு வேகம் ஆகாதா?”

ஆசைத்தம்பி யோசித்தான். “வயசானவுகள்ல. பயம் இருக்கும்” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அகிலா சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு வாங்கப் போனார்கள். ஊருக்கெல்லாம் தேக்குக் கதவு சுமக்கிறவன் வீட்டுக்கு பிளாஸ்டிக் கதவு. ஸ்கூட்டரை அகிலா ஓட்டினாள். பின்னால் ஆசைத்தம்பி கதவை நெட்டுக்குத்தாகக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் என் வண்டியில் பின்னால் வந்தேன். தெருவுக்குள் ஒன்றும் தெரியவில்லை. பைபாஸ் ஏறியதும் ஸ்கூட்டர் முக்கியது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க சத்தம்தான் வந்தது. ஆசைத்தம்பி கதவோடு பின்னால் போய்விடுவான் போலிருந்தது.

அகிலா ஓரமாக நிறுத்தினாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“படுக்க வச்சுப் பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்கன்னா பிடிங்க.”

தட்டையாகத் தலைக்கு மேல் பிடித்தான். ஸ்கூட்டர் கிளம்பியது. நான் எட்டிப் பிடிக்கவே சிரமப்பட்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் அகிலா கதவைத் தட்டிக் காட்டினாள்.

“இதுல எந்த அப்பச்சிங்க உக்காந்து வந்தாக? போன வாரம் ஃபேக்டரியில செஞ்ச கதவு. இதுக்குள்ள யாரு செத்தாக?”

ஆசைத்தம்பி விடுவானா? “ஃபேக்டரியில யாராவது செத்திருக்கலாம்ல?”

“காத்துங்க! காத்து! இம்புட்டு அகலத்தைக் காத்துக்கு எதுத்தாப்புல நிமித்திப் பிடிச்சா அது மறிக்காதா?”

அவள் சொன்னது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ எங்களுக்கும் சொன்னார்கள்தான். பரீட்சையில் எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். நானும் அந்தப் பைபாஸில் எத்தனையோ வெள்ளிக்கிழமை நின்றவன். ஒரு நாளும் எனக்கு அது உறைக்கவில்லை.

“அப்ப ஆட்டுனது?” என்றான் ஆசைத்தம்பி, கொஞ்சம் இறங்கி வந்து.

“கேஸ் சிலிண்டரை ஸ்கூட்டர் பின்னாடி கட்டிட்டு வரும்போது ஹேண்டில் ஆடலை? காலுக்கிட்ட வச்சா ஆடாதுல்ல? அந்தச் சாமி கல்லைப் பூரா வால்ல வைக்கச் சொன்னான்ல? அது தெரியாமச் சொன்னானா, தெரிஞ்சு சொன்னானா, அதைத்தான் நான் பாக்கணும்.”

“சாமியப் போயி ‘அவன் இவன்’னு...” என்று ஆசைத்தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவ்வளவு சுலபமாகத் தெளிந்துவிட்டால் அவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. பந்தலில் திருவிழாக் கூட்டம். நிலை நிமிர்ந்து நிற்க, கல் வால் பக்கம் கிடக்க, ஆசைத்தம்பியின் வண்டி மாலையோடு நின்றது. மீனாட்சிசுந்தரம் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்தார். முத்தப்பன் செல்போனைத் தூக்கிப் பிடித்து நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான். அது பந்தல் திரையிலும் தெரிந்தது. “பக்தகோடிகளே, லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க!”

சாமி கையை நீட்டினார். ஆசைத்தம்பி சாவியைத் தட்டில் வைத்தான். அகிலா சாவியின் மேல் கையை வைத்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். எடைமேடையில போட்டுப் பாத்தோம். நிலை, கல்லு, வண்டி, எல்லாம் சரியா வருது. அப்பச்சிக்குன்னு ஒரு கிலோகூட ஏறலையே?”

சாமி புன்னகைத்தார். “ஆவிக்கு ஏதும்மா எடை?”

“எடையே இல்லாதவுக எப்பிடி சாமி இம்புட்டுப் பெரிய வண்டிய இழுத்துப் பிடிக்கிறாக?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார். சாமியின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. “அது சக்தி! பொம்பளைக்கு விளங்காது.”

“சரிங்க சாமி, விளங்காது. நீங்களே விளங்க வைங்க” என்று அகிலா பிளெக்ஸைக் காட்டினாள். “‘சாமி ஏறினால் சுமை இறங்கும்’னு போட்டிருக்கீக. எங்க வண்டியில ஏறுங்க. இப்ப இருக்கிற மாதிரியே அறுவதுல ஒரு தடவை காளையார்கோவில் ரோட்டுல போயிட்டு வருவோம். அப்பச்சி இறங்கலைன்னா நானே சாவியத் தந்துட்டுப் போறேன்.”

“நானா?” என்றார் சாமி. “இதுலயா?”

அந்த ‘இதுலயா’ என் காதில் நன்றாக விழுந்தது. அதற்குள் கூட்டம் அரோகரா போட ஆரம்பித்துவிட்டது. “சாமி ஏறப் போறாக! வழி விடுங்க!” மீனாட்சிசுந்தரம் எழுந்து நின்று கைதட்டினார். “சூப்பர் சாமி, லைவா ஒரு எனர்ஜி டிரான்ஸ்ஃபர் பாத்துருவோம்!” நாலு பேர் சாமியைத் தூக்காத குறையாக முன்சீட்டில் ஏற்றினார்கள். பக்தர்களிடமிருந்து தப்பிப்பது எந்தச் சாமிக்கும் கஷ்டம்தான். பின்சீட்டில் அகிலா. பக்கத்தில் போனோடு முத்தப்பன். ஆசைத்தம்பி ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளப்பினான். அகிலா அவனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள்: கொஞ்சம் கொஞ்சமாக ஏத்துங்க, லேசா ஆடுனாலும் காலை எடுத்துருங்க.

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

“முப்பது” என்றான் ஆசைத்தம்பி.

“அப்பச்சி அமைதியாயிட்டாக!” என்று முத்தப்பன் கத்த, பந்தலில் கைதட்டல்.

“முப்பதுல எப்பவும் அமைதிதான். ஏத்துங்க” என்றாள் அகிலா.

“நாப்பது.” எஞ்சின் முனகியது. “நாப்பத்தஞ்சு.” திரையில் படம் லேசாக இடமும் வலமும் ஆடியது. சாமியின் ஒரு கை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றியது. இன்னொரு கை சீட் பெல்ட்டைத் தேடியது.

“போதும்ப்பா. இறங்கிட்டாக. அந்தா அந்தப் புளியமரத்துல ஏறிக்கிட்டாக, நான் பாத்தேன். வண்டியத் திருப்பு.”

“இறங்கிட்டா இன்னும் ஏன் சாமி ஆடுது?”

“அது... அவுக விட்டுட்டுப் போன நினைவு.”

“நினைவு இம்புட்டு ஆடுமா? ஏத்துங்க.”

“அம்ப...” என்றான் ஆசைத்தம்பி. முடிக்கவில்லை. டிரெய்லர் வாலை வீசியது. வண்டியே ஒரு பக்கமாக இழுபட்டது. திரையில் வானம் தெரிந்தது, முத்தப்பன் மூக்கு தெரிந்தது, பிறகு சாமியின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் சாமி இல்லை.

“டேய்! டேய்! பிரேக்கைத் தொடாதடா! மிதிச்சேன்னா மடங்கிரும்! ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு! ஸ்டீரிங்க நேரா பிடி, திருப்பாத! தானா அடங்கும்... விடு... அப்பிடித்தான்... அப்பிடித்தான்...”

வண்டி மெல்லத் தளர்ந்து ஓரமாக நின்றது. அகிலாவும் வெளிறிப்போய்த்தான் இருந்தாள். சாமி நெற்றி வியர்வையைத் துடைத்தார். திருநீறும் சேர்ந்து போனது. அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“அறிவிருக்காடா உனக்கு? அம்புட்டுக் கல்லையும் வால்ல அடுக்கிட்டு, கதவைப் பாய்மரம் மாதிரி நட்டுக்கிட்டு, எவனாச்சும் அம்பதுல போவானா? வால்ல கனம் இருந்தா கொக்கியத் தூக்கிரும்டா, பின்னாடி ஆடாம என்ன செய்யும்? பாதிக்கு மேல பாரம் முன்பக்கம் இருக்கணும்னு ஒரு கிளீனர் பயலுக்குத் தெரியும்! காத்து வாங்குற சாமானைப் படுக்க வைக்கணும்னு தெரியாது? இந்தப் பூமிநாதன் ஓட்டாத டிரெய்லராடா? என்னையவே கொல்லப் பாத்தீகளேடா!”

அகிலா முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“பூமிநாதண்ணே, கல்லை வால்ல வைக்கச் சொன்னது யாரு?”

சாமி மெதுவாகத் திரும்பி, முத்தப்பன் கையில் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தார். முத்தப்பனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பழக்க தோஷத்தில் போனைத் தன் பக்கம் திருப்பி, “லைக் போடுங்க” என்றான்.

பந்தலில் முதலில் பேசியவர் ஏகப்பன். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, என் வண்டிக்குள்ள இருந்தது யாரு?”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தியமாக அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான். வண்டியை இழந்தவர்கள் அவரோடு எழுந்தார்கள். அத்தனை பேரும் காளையார்கோவில் ரோட்டை நோக்கி ஓடினோம்.

நாங்கள் போனபோது சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் முத்தப்பன் ஓடினான். பின்னால் ஏகப்பன் ஓடினார். கருவேல முள் குத்தி சாமி உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும் வரை ஏகப்பன் அவர் பக்கத்திலேயே நின்றார். அடிக்கவில்லை. “என் வண்டி எங்க இருக்கு?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். சன்னிதியில் விட்ட வண்டிகளெல்லாம் பெயின்ட் மாறி, நம்பர் மாறி, வெளியூரில் விலை போயிருந்தன. ஏகப்பனுடைய வண்டி மட்டும் பிறகு கிடைத்தது. மற்றவர்கள் இன்னும் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள்.

ஆசைத்தம்பி வண்டியை விட்டு இறங்கி டிரெய்லரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பிறகு எங்களைக் கூப்பிட்டான். கல்லைத் தூக்கி முன்பக்கம் கொக்கியை ஒட்டியும் அச்சுக்கு மேலேயும் அடுக்கினோம். இடுப்பு ஒடிந்தது. அடுத்து நிலையைக் கிடத்த வேண்டும். அதைத் தொட ஒருவரும் முன்வரவில்லை.

“மந்திரம் யாரு சொல்றது?” என்றது கூட்டம்.

அகிலா போய் நிலையின் ஒரு முனையைப் பிடித்தாள். “என்னங்க, அந்தப் பக்கம் பிடிங்க.”

ஆசைத்தம்பி கஜலட்சுமியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். இடி விழவில்லை. நிலை படுத்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

மீனாட்சிசுந்தரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வாட்ச்சைப் பார்த்தார். “எல்லாம் சரி அகிலா. சயன்டிஃபிக்கா ஒத்துக்கிறேன். ஆனா மணி பதினொண்ணு, வெள்ளிக்கிழமை. ராகுகாலத்துலயா படுக்க வச்சீக?”

“நல்லதாப் போச்சு சார். இப்பவே ஓட்டிப் பாத்துருவோம். ஏறுங்க” என்றாள் அகிலா.

ஏறினார். போனார்கள். மந்திரமில்லை, தலைமாடு இல்லை, ராகுகாலம் வேறு. ஐம்பது போனது. அறுபது போனது. டிரெய்லர் ஆடவில்லை, எஞ்சின் முனகவில்லை. திரும்பி வந்து இறங்கிய ஆசைத்தம்பி சாவியை வண்டியிலிருந்து உருவி எடுத்து, அகிலா கையில் கொடுத்தான். “இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்” என்றான். அவ்வளவு கூட்டத்திலும் அவன் அழுதான்.

இதோடு முடித்தால் எங்கள் ஊரைப் பற்றி உயர்வாகச் சொன்னதாகிவிடும். நான் திரும்பிப் பார்த்தபோது வண்டி டயருக்கு அடியில் ஒருவர் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

“என்னய்யா இது?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியலையா? அந்தக் களவாணி வாயாலயே உண்மையச் சொல்ல வச்சது யாரு? அப்பச்சிதான் அவன் நாக்குல ஏறிப் பேசியிருக்காக!”

பக்கத்திலிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அகிலா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கற்பூரத்தின் மேல் ஊற்றினாள். “டயரு வெந்துரும், தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

பைபாஸில் பிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. சுமைதாங்கிக் கல் மஞ்சள் அழிந்து வெறும் கல்லாக நிற்கிறது. இத்தனை நாள் நாம் கதவை நிமிர்த்தி வைத்து, மூளையைக் கிடத்தி வைத்து வண்டி ஓட்டினோம். தயவுசெய்து மாற்றி வையுங்கள். கதவு படுத்தால் காற்று வழிவிட்டுப் போகும். மூளை படுத்திருந்தால், அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார அடுத்த சாமி எங்கேயோ டோக்கன் அச்சடித்துக்கொண்டிருப்பார்.